கால் எலும்பை எடுத்தால் வாப்பா நடப்பாரா?

கிண்ணியாவிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். வாப்பாவுக்கு 57 வயது, கரைவலைத் தொழில். கீழ்த்தாடையில் புற்றுநோய். தாடை எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்பதாக மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். நடக்க முடியாமல் போய்விடுமோ என்று வீடே பயந்துபோயிருக்கிறது. இதற்கிடையில் திருகோணமலை டவுனில் ஒருவர், “எலும்பெல்லாம் தேவையில்லை, சென்னையில் லேசாக முடிக்கலாம், பாஸ்போட்டைத் தாங்க” என்கிறாராம்.

நடப்பார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு. உடம்பைச் சுமப்பது தடித்த எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பில்தான் துண்டு எடுப்பார்கள். அதிலும் கணுக்காலுக்கு மேலே 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை விட்டுவிடுவார்கள், மூட்டு ஆட்டம் காணாமல் இருக்க. எடுத்த எலும்பைத் தாடையின் வளைவுக்கு வெட்டிப் பொருத்தி, கூடவே வந்த இரண்டு மில்லிமீட்டர் அளவான இரத்தக்குழாயைக் கழுத்துக் குழாயுடன் மைக்ரோஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். இப்படி உயிரோடு இடம் மாறும் துண்டுதான் ஃப்ளாப். பழகிய கைகளில் 95 வீதத்துக்குக் குறையாமல் பிழைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாட்கள் மணிக்கு மணி வந்து பார்ப்பார்கள். நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ உடனே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். அதைக் கண்டு அலறாதீர்கள், ஃப்ளாப்பைக் காப்பாற்றத்தான் அந்த ஓட்டம்.

ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: காலின் இரத்தக்குழாய்களைப் பார்த்தாயிற்றா? பாதத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மூன்று. எலும்போடு அதில் ஒன்று போய்விடும், மற்ற இரண்டும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒன்றுதான் பிரதானம். நெடுநாள் சீனி வருத்தம், சிகரெட் உள்ளவர்களுக்கு மற்ற இரண்டும் அடைத்திருக்கலாம். அப்படியானால் அந்தக் காலைத் தொடக்கூடாது. மறு காலைப் பார்க்க வேண்டும், அதுவும் சரியில்லையென்றால் தோள்பட்டை எலும்பு. வாப்பாவுக்குச் சீனி இருந்தும் யாரும் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள். ஸ்கேனுக்கு ஒரு நாள், றிப்போட்டுக்கு ஒரு நாள், மயக்க மருந்து வைத்தியரைக் காண இன்னொரு நாள் என்று நோயாளியை இராப் பஸ்ஸில் அலைய விடுகிறது நமது ஏற்பாடு. அந்த அலைச்சலில்தான் இப்படியான கேள்விகள் தவறிப்போகின்றன.

இனி அந்த டவுன்காரர். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த அலைச்சலைக் காட்டித்தான் பிடிப்பார்கள். சென்னையில் நல்ல சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இவர் பேசும் தொகையில் இரண்டாந்தரம் தியேட்டருக்குப் போவது அடங்குமா, கதிர்வீச்சு அடங்குமா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். எலும்பு வைக்காமல் தாடையில் வெறும் உலோகப் பிளேட்டை மட்டும் மாட்டி அனுப்பிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சு முடிந்த பிறகு பிளேட் கன்னத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கையில் பயொப்சி (சதைத் துண்டுப் பரிசோதனை) றிப்போட்கூட இல்லை, ஏஜென்ட் போனையும் எடுக்கவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு தேவையென்றால் ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. கடுதாசி தேடியே அவருக்கு அந்தக் காலம் போயிற்று. இங்கே அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. “முன்னுக்குத் திகதி எடுத்துத் தாறேன்” என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

வெற்றிலைப் பையை இன்றைக்கே எடுத்து ஒளித்து வையுங்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும். சிகரெட் இருந்தால் அதுவும் வேண்டாம், தைத்த குழாயைச் சுருக்கிவிடும்.

வலை இழுப்பு மெதுவாகத்தான் திரும்பும். பெருவிரலை மடக்கும் பலம் குறையும், மணலில் கொஞ்ச நாள் தடுமாறுவார். எந்தக் காலை ஊன்றி இழுப்பவர் என்பதை அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டு காலும் பொருந்துமென்றால் மற்றக் காலிலிருந்து எலும்பை எடுக்க இடமிருக்கும்.