கொழுப்பு மாத்திரையால் வாய் கசக்குமா?

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61. மூன்று மாதத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து அட்டோர்வாஸ்டாடின் 40 என்ற கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் சுகர் இருப்பது தெரிந்து மெட்பார்மினும் தொடங்கியாயிற்று. இப்போது எதைச் சாப்பிட்டாலும் செம்புக் காசை வாயில் போட்டதுபோல இருக்கிறதாம். காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தைக்கூட ஒதுக்கிவிட்டார். கொழுப்பு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வாய்க் கசப்பு என்று மாத்திரை டப்பாவையே ஓரங்கட்டுபவர்கள் உண்டு. அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் சேர்ந்து நின்றுபோனால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் இந்த ஆபத்து மிக அதிகம். எனக்குப் பெரிய பயமே அதுதான்.

அட்டோர்வாஸ்டாடினால் ருசி மாறுவது உண்மைதான். ஆனால் நூறு பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. நீங்கள் எழுதியதையே இன்னொரு முறை படியுங்கள். முதல் இரண்டு மாதம் கொழுப்பு மாத்திரையோடு நன்றாகத்தானே சாப்பிட்டார்? நடுவில் வந்து சேர்ந்தது மெட்பார்மின். அது உமிழ்நீரிலும் கலப்பதால், வாயில் உலோக வாடை அடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். என் சந்தேகம் அதன்மேல்தான். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள். குறையாவிட்டால், மெதுவாகக் கரையும் வகைக்கு மருத்துவர் மாற்றித் தருவார்.

ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் ருசியைக் கெடுக்கும். பல்வலிக்கோ தொண்டைவலிக்கோ கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்களா என்றும் பாருங்கள். அதுவே கடும் கசப்பு. போதாததற்கு ரத்தத்தில் அட்டோர்வாஸ்டாடின் அளவையும் ஏற்றிவிடும். ஈறு வீக்கம், நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எந்த மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது, கசப்பு எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதி, எல்லா அட்டைகளோடும் இதய ஓ.பி.க்குப் போங்கள். கொழுப்பு மாத்திரைதான் காரணம் என்று அவர்கள் முடிவு செய்தால் மாற்றாக ரோசுவாஸ்டாடின், எஸிடிமைப் என்று வேறு கொழுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனாலோ கண் மஞ்சளானாலோ ஓ.பி. நாள் வரை காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.

அம்மாவிடமும் ஒன்று சொல்லுங்கள். நாக்கு மரத்தவர் 'உப்பு பத்தல' என்றுதான் கேட்பார். ஊறுகாயும் கருவாடும் தட்டுக்கு வந்துவிடும். ஸ்டென்ட் வைத்த உடம்புக்கு அந்த உப்பு ஆகாது. மீனில் எலுமிச்சை பிழிந்து, மிளகும் இஞ்சியும் தூக்கலாகப் போட்டுக் கொடுங்கள். புளிப்பும் காரமும் அந்தச் செம்பு வாடையைக் கொஞ்சம் மறைக்கும்.