மேகியும் நீகனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செத்தவர்கள் ஜாம்பியாக எழுந்து வரும் 'தி வாக்கிங் டெட்' தொடரின் பதினோரு சீசனையும் பார்த்து முடித்துவிட்டு, அதன் தொடர்ச்சியான 'டெட் சிட்டி'யைத் தொடங்கினேன். இரண்டாவது எபிசோடோடு நிறுத்திவிட்டேன். மகனை மீட்பதற்காக மேகி நீகனைத் தேடிப் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவள் கண்ணெதிரே அவள் கணவன் க்ளென்னை பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றவன் அவன். அவள் அப்போது கர்ப்பிணி. அன்று வயிற்றில் இருந்த பிள்ளைக்காக இன்று அவனிடமே போய் நிற்பாளா? க்ளென் மேல் இருந்த அன்பு அவ்வளவுதானா? இல்லை, தொடரை இழுப்பதற்காக எழுத்தாளர்கள் செய்த வேலையா? நண்பர்களிடம் கேட்டால் 'சர்வைவல்ப்பா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

க்ளென் செத்த எபிசோடு 2016 அக்டோபரில் வந்தது. பார்த்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை. அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேகி அவனோடு சேர்ந்து நடப்பதையும் அவனை மன்னிப்பதையும் நீங்கள் ஒன்றாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். தொடர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ இடங்களில் சறுக்கிய தொடர் அது, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசி வரை நேர்மையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். ஆறாவது சீசன். மேகியும் க்ளென்னும் வாழும் அலெக்சாண்ட்ரியா குடியிருப்பில் சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது. ஹில்டாப் என்ற இன்னொரு குடியிருப்பில் விளைச்சல் இருக்கிறது, ஆனால் பாதியை நீகனின் சேவியர்ஸ் கூட்டம் வாரிக்கொண்டு போகிறது. 'நாங்கள் அவர்களைத் தீர்த்துக்கட்டுகிறோம், உங்களிடம் இருப்பதில் பாதியைக் கொடுங்கள்' என்று ஒரு பேரம் நடக்கிறது. ஹில்டாப் தலைவர் கிரிகோரியிடம் உட்கார்ந்து அதைப் பேசி முடித்தது யார்? மேகிதான். அப்போது அவர்களில் யாரும் நீகனைப் பார்த்ததுகூட இல்லை.

பேரத்துக்கு உண்டான வேலையை ராத்திரியோடு ராத்திரியாகச் செய்யப் போகிறார்கள். சேவியர்ஸ் தங்கியிருக்கும் கட்டடத்தில் ஒவ்வொரு அறையாக நுழைகிறார்கள். ஒரு அறையில் ஒருவன் அசந்து தூங்குகிறான். க்ளென் அவன் தலைமாட்டில் கத்தியோடு நிற்கிறான். கை நடுங்குகிறது, கண் கலங்குகிறது. அதுவரை உயிரோடிருக்கும் மனிதனைக் கொல்லாதவன், தூங்குகிறவனைக் குத்துகிறான். அடுத்த கட்டிலில் இருப்பவனைக் கூட வந்த ஹீத் குத்த வேண்டும். அந்தப் பாவம் அவனுக்கு வேண்டாம் என்று அவனைத் தடுத்து, அதையும் க்ளென்னே செய்கிறான். பிறகு நிமிர்ந்தால் சுவரில் வரிசையாகப் போட்டோக்கள், எல்லாம் அடித்துச் சிதைத்த தலைகள்.

நீகன் செய்தது நியாயம் என்று சொல்வதற்காக இதை நினைவுபடுத்தவில்லை. அவன் செய்தது கொடூரம். ஆனால் க்ளென் சாவுக்குப் போகும் வழியில் மேகியின் கையெழுத்தும் இருக்கிறது, அது அவளுக்குத் தெரியும். இன்னொருவரின் கையும் இருக்கிறது. அன்று நீகன் முதலில் அடித்துக் கொன்றது அவர்கள் கூட்டத்து ஆபிரஹாமை. அதைப் பார்த்து நீகன் மீது பாய்ந்து முகத்தில் குத்தியது அதே கூட்டத்து டேரில். அந்த ஒரு குத்துக்குப் பதிலாகத்தான் நீகன் க்ளென்னைக் கொல்கிறான். ஏழாவது சீசனில் ஹில்டாப்பின் நிலவறையில் மேகியும் டேரிலும் ஒளிந்திருந்துவிட்டுப் பேசிக்கொள்ளும் காட்சி நினைவிருக்கிறதா? டேரிலால் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. உன் தப்பு இல்லை என்று மேகி சொல்கிறாள், அவனைக் கட்டிக்கொள்கிறாள். மன்னிப்பதென்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நீகனுக்கு அதை அவள் தரவில்லை, அவ்வளவுதான்.

சரி, மன்னிக்காதவனோடு எதற்குச் சேர வேண்டும்? உங்கள் நண்பர்கள் சொன்ன 'சர்வைவல்' இங்கேதான் வருகிறது, ஆனால் அவர்கள் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. இந்தக் கதையில் கடி வாங்கினால்தான் ஜாம்பி ஆவான் என்று இல்லை. கிருமி எல்லோர் உடம்பிலும் முன்பே இருக்கிறது. காய்ச்சலில் செத்தாலும், மாரடைப்பில் செத்தாலும், மூளையைச் சிதைக்காவிட்டால் எழுந்து வருவார்கள். அதாவது, பக்கத்தில் படுத்திருப்பவர் ராத்திரியில் செத்துப்போனால் விடிவதற்குள் அவரே நம்மைக் கடிக்கலாம். நாம் செத்தால் நம் பிள்ளையை நாமே கடிப்போம். அப்படிப்பட்ட உலகத்தில் தனியாக வாழ்வது ஆபத்து, தனியாகச் சாவது அதைவிடப் பெரிய ஆபத்து. விழித்திருந்து காவல் காக்கவும், தேவைப்பட்டால் நம் தலையில் கத்தியை இறக்கவும் யாராவது வேண்டும். அந்த யாரோ ஒருவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் இந்தக் கதையின் வேதனை.

முன்பின் தெரியாதவர்களோடு சேரும் கூட்டணிகளும் தொடரில் உண்டு. குப்பைமேட்டில் வாழும் ஜேடிஸ் கூட்டத்தோடு அலெக்சாண்ட்ரியாவின் தலைவன் ரிக் செய்துகொண்டது எனக்கு ஒட்டவே இல்லை. துப்பாக்கி கொடுத்தால் வருகிறோம் என்றார்கள், நீகன் கூடுதலாகக் கொடுத்ததும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். வெறும் வியாபாரம். ஒருவரை ஒருவர் முழுதாகத் தெரிந்த இரண்டு பேர் சேரும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது.

பதினோராவது சீசனின் முதல் பாதியை அதற்காகவே இன்னொரு முறை பாருங்கள். அலெக்சாண்ட்ரியா மறுபடி பட்டினியில் கிடக்கிறது. மெரிடியன் என்ற இடத்தில் உணவு இருக்கிறது, வாஷிங்டன் சுரங்க ரயில் பாதை வழியாகப் போனால் சீக்கிரம் சேரலாம், அந்தப் பகுதி நீகனுக்குத் தெரியும் என்பதால் அவனையும் கூட்டிப்போகிறார்கள். சுரங்கத்தில் ஜாம்பிகள் பெருகி வர, மேகி ரயில் பெட்டியின் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறாள். மேலே நீகன் நிற்கிறான். கை கொடு என்கிறாள். அவன் பார்க்கிறான், பார்த்துவிட்டுப் பின்வாங்கி நடந்து போகிறான். அவள் விழுகிறாள். தப்பி வந்து மறுபடியும் அவனோடுதான் நடக்கிறாள்!

அப்புறம், அந்த முகமூடி. பிணத்தின் முகத்தோலைப் போட்டுக்கொண்டு ஜாம்பிக் கூட்டத்துக்குள் எப்படி நடப்பது என்று நீகன் அவளுக்குச் சொல்லித்தருகிறான். சத்தம் போடக்கூடாது, பதறக்கூடாது. கணவனைக் கொன்றவன் சொல்லித்தர, செத்தவன் முகத்தை மாட்டிக்கொண்டு அவள் அவன் பக்கத்தில் நடக்கிறாள். ஒரே குடிசையில் பாம்போடு குடியிருப்பது என்பார்களே, அது இங்கே இரண்டு பேருக்கும் பொருந்தும். அவனும் அவளிடம் ஒரு வாக்குக் கேட்கிறான்: இது முடிந்ததும் என்னைக் கொல்லக்கூடாது. கடைசியில் உயிரோடு போகலாம் என்று சொல்லி விடப்பட்ட, மெரிடியனைப் பிடித்து வைத்திருந்த எதிரிகளை மேகி பின்னாலிருந்து சுடுவதைப் பார்க்கிறான். தனக்குக் கொடுத்த வாக்கின் மதிப்பு அவனுக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. சண்டை போடாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

2022 நவம்பரில் வந்த இறுதி எபிசோடில் நீகன் மன்னிப்புக் கேட்கிறான். அப்போதும் மேகி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் க்ளென் தலையில் மட்டை இறங்குவதுதான் தெரிகிறது என்கிறாள்.

இனி டெட் சிட்டி. நீங்கள் நிறுத்திய இடத்துக்கு மேல் நடப்பதைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மேகி நீகனிடம் கையேந்திப் போகவில்லை. மகனைப் பிடித்து வைத்திருப்பவனுக்கு வேண்டியது நீகன்தான். உதவிக்கு என்று சொல்லி அவனை மன்ஹாட்டன் வரை கூட்டிப்போய், மகனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு வருகிறாள். முதல் சீசனின் ஆறு எபிசோடுகள் நாம் கூட்டணி என்று பார்த்தது அவளைப் பொறுத்தவரை ஒரு தூண்டில்.

ஆக, க்ளென்னை மறந்துவிட்டாளா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் மீட்டுக் கொண்டுவந்த மகன் அவளிடம் சந்தோஷமாக இல்லை. உனக்கு எப்போதும் நீகன் நினைப்புதான் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்கிறான் அந்தப் பையன். மேகியால் இல்லை என்று மறுக்க முடியவில்லை. முதல் சீசனின் மீதி நான்கு எபிசோடையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.