குழுவில் உட்காரும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பு. எப்போதும் முதல் ரேங்க். இந்த வருஷம் கணக்கு டீச்சர் ஐந்தைந்து பேராக உட்காரவைத்து, புரியாதவர்களுக்கு இவளைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார். வகுப்பில் ஒரே சத்தம். மற்ற பிள்ளைகள் இவளைப் பின்னால் இழுக்கிறார்கள். நீட் வேறு இருக்கிறது. பள்ளியை மாற்றிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நீட் பற்றி நான் பேசப்போவதில்லை. ஐந்து பிள்ளைகள் சேர்ந்து கணக்குப் போட்டால் சத்தம் வரும், வரட்டும். ஆனால் மற்றவர்கள் பின்னால் இழுக்கிறார்கள் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. தயவுசெய்து அவள் காதுபட அதைச் சொல்லிவிடாதீர்கள்.

பள்ளியில் என் பக்கத்தில் ஒரு தையல்காரர் மகன் இருந்தான். பின்னத்தை வகுக்கத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். அவனோ "ஏன்டா தலைகீழா?" என்று விடாமல் கேட்பான். எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் அவனே சொன்னான்: "அரைக்கால்னா எட்டுல ஒரு பங்கு. ஒரு மீட்டர் துணியில அரைக்கால் மீட்டர் துண்டு எட்டு இருக்கு, அதான் எட்டால பெருக்குறோம். நம்மகிட்ட முக்கால் மீட்டர்தான், அப்ப ஆறு." முக்காலை அரைக்காலால் வகுத்தால் ஏன் ஆறு வருகிறது என்று எனக்குப் புரியவைத்தவன் அவன். கணக்கில் என் மார்க்கில் பாதிகூட வாங்கமாட்டான்.

உங்கள் புகாரிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்குவது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற பையன்களுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, பையன்களே பையன்களுக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே அமைத்தார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துவரை போனது. செலவு குறைவு, அதனால் பரவியது. ஆனால் அதில் தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் கேட்டுக்கொள்வான். அது சேர்ந்து கற்பது ஆகாது.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளை, மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குழுவில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கவைத்தார். அடுத்தவரிடம் கேட்காமல் யாருக்கும் முழுப் பாடம் கிடைக்காது. தட்டுத்தடுமாறிப் பேசுகிற பிள்ளையைக் கேலி செய்தால் நஷ்டம் கேலி செய்கிறவனுக்குத்தான்.

டீச்சரிடம் போய் இதைக் கேளுங்கள்: என் மகளுக்கு அந்த நாலு பேரிடமிருந்து என்ன தேவைப்படுகிறது? ஐந்து பேருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தால் இவள் போடுவாள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், உங்களுக்கும் வயிறு எரியும். ஆளுக்கொரு பங்காகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஆனால் சண்டைக்காரியாகப் போகாதீர்கள். பாடத்தை முடி முடி என்று மேலிருந்து நெருக்கும்போது பிள்ளைகளைப் பேசவிட்டுப் பாடம் நடத்தும் டீச்சர் லேசில் கிடைக்கமாட்டார். பள்ளியை மாற்றவேண்டாம்.