லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் குறைந்தால்

கேள்வி: லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுத்துவந்த என் 150 சிசி மோட்டார்சைக்கிள் இப்போது 30 தான் கொடுக்கிறது. எதை முதலில் பார்ப்பது? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: டேங்கை நிரப்பி, சில நாள் வேலைக்குப் போய்வந்து, அதே பெட்ரோல் நிலையத்தில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால்தான் உண்மைக் கணக்கு தெரியும். குறைவு உறுதியானால், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். ஒரு சுற்றுகூட முழுதாக வராமல் உரசலோடு நின்றால், பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம், அல்லது செயின் வறண்டோ அதிகம் இறுகியோ இருக்கலாம். நம் ஊர் மழையில் செயின் எண்ணெய் சீக்கிரம் கழுவப்பட்டுவிடும். டயர் காற்றை, வண்டியை எடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் முனையில் வெளிர்பழுப்புக்குப் பதில் உலர்ந்த கரி படிந்திருந்தால், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் உரசலை மட்டும் தயவுசெய்து ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.