நான்காவது பத்தியைப் படித்தீர்களா?

கேள்வி: மலேசியாவில், பேராக்கில் ஒரு தோட்டத்தில் 34 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இன்னமும் தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருக்கிறோம். செம்பனை ஆலையை ஒட்டி, பழம் எடுத்த வெறுங்குலையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கட்டி மூன்று வருடமாகிறது. ராத்திரியில் கரித்தூள் கொட்டுகிறது. பொங்கலுக்குக் கட்டிய வெள்ளை வேட்டி அன்றைக்கே பாழ். பேரனுக்கு இளைப்பு. மேனேஜரிடம் போனால், "இது பசுமை மின்சாரம், அரசாங்கமே ஊக்குவிக்கிறது" என்கிறார். இப்போது குடும்பத்துக்கு 2,500 வெள்ளி சகுஹாத்தி (கருணைத் தொகை) தருவதாகச் சொல்லி, மலாய் மொழியில் இரண்டு பக்கக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். 19 குடும்பங்களில் 11 குடும்பம் போட்டுவிட்டது. கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். நான் கேஸ் போடப் போகிறேன். ஜெயிக்க முடியுமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதமும் புகையைப் பற்றியது. வீட்டைப் பற்றி ஒரே வரிதான். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி. வீடு யார் பெயரில் இருக்கிறது? எந்த உரிமையில் அங்கே குடியிருக்கிறீர்கள்?

வேட்டி, மேனேஜரின் பேச்சு, தோட்டத்துக்கு உழைத்த 34 வருடம், எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். மேனேஜர் சொன்னது தப்புதான். 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், அந்த மின்சாரத்துக்கு என்ன விலை, யார் வாங்குவது என்பதைப் பார்க்கிறது. புகை விடுவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. கொதிகலனில் எரிவது நிலக்கரியானாலும் குலையானாலும் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகளும் உண்டு. ஆனால் மேனேஜர் சொன்னது தப்பு என்பதற்காக உங்கள் கைக்கு ஒரு காசும் வராது. 2024இல் அந்தச் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தினார்கள் இல்லையா, அதிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். அபராதம் அரசாங்கத்துக்குப் போவது. லயத்துக்கு வராது.

நட்டஈடு வேண்டுமென்றால் வழக்கமான வழி சிவில் வழக்கு. கரித்தூளுக்குப் பொருந்துவது 'தொல்லை' என்ற வகை வழக்கு, அதாவது நிம்மதியாகக் குடியிருப்பதைக் கெடுத்ததற்கானது. அதில் நீதிமன்றம் முதலில் கேட்பது, அந்த இடத்தில் உங்களுக்கு உரிமை உண்டா என்பதைத்தான். இங்கிலாந்தின் உச்ச மன்றம் 1997இல் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. நம் நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்பை எடுத்துப் பார்க்கும். கிராண்ட் (நிலப் பட்டா) வைத்திருப்பவர், வாடகைக்கு இருப்பவர் பிரச்சினை இல்லை. வேலைக்காகக் கொடுத்த லயத்தில், வேலை முடிந்த பிறகும் "இருந்துகொள்" என்று விட்டதால் இருப்பவர்? எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பிரமாணப் பத்திரத்தில் எழுதுவது அதுவாகத்தான் இருக்கும்.

பேரனின் இளைப்பு வேறு கணக்கு. கவனக்குறைவு என்று வழக்குப் போட நில உரிமை தேவையில்லை. ஆனால் அந்த இளைப்பு அந்தப் புகைபோக்கியால்தான் வந்தது என்று நிபுணரை வைத்து நிரூபிக்க வேண்டும். 2019 புகைமூட்டத்தில் பிள்ளை எங்கே இருந்தான், வீட்டில் கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா, அப்பா சிகரெட் பிடிப்பாரா என்று வரிசையாகக் கேட்பார்கள். நிபுணர் செலவே நீங்கள் கேட்கிற தொகையைத் தாண்டிவிடும். இப்போதைக்கு விடுங்கள். சிறுவனுக்கு 18 வயது ஆகும்வரை காலவரம்பு ஓடாது. கிளினிக் சீட்டு ஒன்றுகூடத் தொலையாமல் எடுத்து வையுங்கள், போதும்.

இனி, நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய நகலின் நான்காவது பத்தியை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது பத்தியில் "பென்யெலெசாயான் பெனு டான் முக்தாமாட்" என்று இருக்கிறது. முழுமையான, இறுதியான தீர்வு. இனிமேல் புகையைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்று அர்த்தம். இது எல்லாருக்கும் தெரிந்த பொறி. நான்காவது பத்தி சாதுவாகத் தெரியும்: "கையெழுத்திடுபவர் நிறுவனத்தின் அனுமதியின் பேரில் மட்டுமே இவ்வீட்டில் தங்கியிருப்பதை ஒப்புக்கொள்கிறார்." புகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அதனால்தான் அதைத் தேடிப் படிக்கச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், உங்களைப் போலவே லயத்தில் இருந்த ஒரு அம்மா என்னிடம் வந்தார். கணவர் இறந்த பிறகும் அதே வீடுதான். சாக்கடை நாற்றத்துக்காக 1,200 வெள்ளி வாங்கிக்கொண்டு, இதே மாதிரி ஒரு தாளில் கைநாட்டு வைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து, காலி செய்யச் சொல்லி 2012 நீதிமன்ற விதிகளின் 89ஆவது ஆணைப்படி வழக்கு. அது சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் இல்லாமல், தாளை மட்டும் பார்த்து முடிக்கிற வழக்கு. அதிலிருந்து தப்ப ஒரே வழி, "விசாரித்தே தீர வேண்டிய விஷயம் இருக்கிறது" என்று காட்டுவதுதான். அவரிடம் அது இருந்தது. பழைய நிர்வாகம் "கடைசிவரை இருங்கள்" என்று சொல்லி, அதை நம்பி அவர் கணவர் அடுப்படியைச் சொந்தக் காசில் சிமெண்ட் போட்டு நீட்டியிருந்தார். நிலத்துச் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்து, அதை நம்பி ஒருவர் பணம் போட்டால், நினைத்த நேரத்தில் அனுமதியை ரத்து செய்ய நம் நீதிமன்றங்கள் எளிதில் விடுவதில்லை. ஆனால் "வெறும் அனுமதியில்தான் இருக்கிறேன்" என்று அவரே கைநாட்டு வைத்த தாள் அவர்கள் கையில் இருந்தது. எனக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை.

படிக்காமல் போட்டுவிட்டேன் என்று பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.

வழக்குப் போட்டாலும் ஆபத்து இதே இடத்தில்தான். ஆலைக்கும் தோட்டத்துக்கும் மேலே ஒரே கம்பெனியாக இருந்தால், புகைக்கு நீங்கள் போடுகிற வழக்கு, வீட்டுக்கு அவர்கள் போடுகிற வழக்கை வரவழைக்கும். புகையில் ஜெயித்து வீட்டைத் தொலைத்தால் யாருக்கு லாபம்?

அதனால் நேராகவே சொல்கிறேன். பேசி முடியுங்கள். 2,500 வெள்ளி குறைவுதான், ஆனால் பணத்துக்காகச் சண்டை போடாதீர்கள், வாசகத்துக்காகப் போடுங்கள். நான்காவது பத்தியை முழுசாக அடித்தாக வேண்டும். மூன்றாவது பத்தியை "கையெழுத்திடும் நாள்வரை பொருளுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும்" என்று சுருக்கச் சொல்லுங்கள். அப்புறம் தூசு வடிகட்டியை எந்தத் தேதிக்குள் சரி செய்வார்கள் என்று ஒரு வரி. பேரன் பெயர் எங்கேயும் வரக்கூடாது. சிறுவனின் நட்டஈட்டை நீதிமன்ற அனுமதி இல்லாமல் முடித்து வைக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்றாலும், எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் வாதாடுவானேன்?

இதற்கெல்லாம் கம்பெனி ஏன் இறங்கி வரும் என்று கேட்பீர்கள். சுற்றுச்சூழல் இலாகாவில் உங்கள் புகார் இருந்தால் வரும். இலாகாவுக்குப் புகார் கொடுக்க நில உரிமை வேண்டாம். நாளைக்கே கொடுங்கள். ஆனால் "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். அதிகாரிக்கு வேண்டியது, எத்தனை மணிக்கு என்ற தகவல். கொதிகலன் குழாயில் படிந்த கரியை ஊதி வெளியேற்றுகிற நேரத்தில்தான் கரித்தூள் அதிகம் கொட்டும். இராத்திரி எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை வாசலில் வைத்து, காலையில் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். இரண்டு வாரம் அப்படிச் செய்தால், எந்த நேரத்தில் வந்து பார்க்க வேண்டும் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். பகல் பத்து மணிக்கு வந்தால் வானம் சுத்தமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் எதை யார் சம்மதத்தோடு எப்போது கட்டினீர்கள், பழைய கிராணியோ (தோட்டத்து எழுத்தரோ) மேனேஜரோ வீட்டைப் பற்றி என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். சிமெண்ட் வாங்கிய ரசீது இருந்தால் அது தங்கம்.

கையெழுத்துப் போட்ட 11 குடும்பத்தையும் கூட்டி வாருங்கள். நகல் கொடுத்தார்களா, கடிதத்தில் என்ன இருப்பதாக வாயால் சொன்னார்கள், சொன்னவர் யார், அப்போது கூட இருந்தவர்கள் யார் என்று அவரவர் தனித்தனியாக எழுதி எடுத்து வரட்டும். "புகைக்கான பணம் மட்டும்தான், வேறொன்றும் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தத் தாள்களை ரத்து செய்யப் பார்க்கலாம். அதுவும் பணத்தைச் செலவு செய்வதற்கு முன்னால் வந்தால் நல்லது.