ஓய்வுக்குப் பிறகு பினாங்கில் குடியேறினால் மாத மாத்திரைகளுக்கு என்ன செய்வது?

கேள்வி: "எனக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு, மனைவிக்குத் தைராய்டு. பணி ஓய்வுக்குப் பிறகு மகள் இருக்கும் பினாங்கிலேயே தங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். எங்கள் மருந்துகள் அங்கே கிடைக்குமா, இல்லை ஊரிலிருந்து வரவழைக்க வேண்டுமா?"

தாராளமாகக் கிடைக்கும். நீங்கள் சொன்ன மூன்று நோய்களுக்கும் வழக்கமாக எழுதும் மருந்துகள் எல்லாமே மலேசியாவில் உண்டு. ஆனால் ஊரில் வாங்கிய அதே பெயரில், அதே அளவில், சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும் அதே பழக்கத்தில் கிடைக்காது. ஊரிலிருந்து வரும் பார்சலை நம்பி மட்டும் இங்கே குடியேற வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்வேன். நானும் மனைவியும் மதுரையிலிருந்து வந்து புலாவ் திக்குஸ் பக்கம் வசிக்கிறோம். எங்களுக்கும் ஏறக்குறைய உங்கள் மருந்துப் பட்டியல்தான்.

முதலில் சட்டம். பயணி ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு, தன்னோடு வரும் பெட்டியில், சுமார் ஒரு மாதத்துக்கு ஆகும் மருந்தைக் கொண்டுவரலாம். இது கையோடு கொண்டுவருவதற்கான சலுகை, கூரியருக்குப் பொருந்தாது. மகனோ தம்பியோ மூன்று மாத மாத்திரையைக் கட்டி அனுப்பினால் அது சுங்கத்தில் நிற்கலாம். நிற்கிற நாளில் உங்கள் கையில் மாத்திரை இருக்காது. சர்க்கரைக்காரர் அப்படி ஒரு வாரம் ஓட்டவே கூடாது.

அப்புறம், 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி இங்கே மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'பி' (B) பிரிவு மருந்துக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின், கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாம் இதில்தான் வரும். 'சி' (C) பிரிவு மருந்தை, உதாரணமாக சில அலர்ஜி மாத்திரைகளை, ஃபார்மசிஸ்டே விசாரித்துக் கொடுக்கலாம். சீட்டு என்றால் மலேசியாவில் பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு. மதுரை டாக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சீட்டு இங்கே உங்கள் மருத்துவ வரலாற்றைச் சொல்ல உதவும், மருந்து வாங்க உதவாது.

அதனால் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம், சாதாரண ஜி.பி., அதாவது பொது மருத்துவர் போதும். பினாங்கில் தமிழ் பேசும் டாக்டர் கிடைப்பது கஷ்டமே இல்லை. கையில் மாத்திரை இருக்கும்போதே போங்கள், தீர்ந்த பிறகு போகாதீர்கள். இங்கே கிளினிக்கிலேயே மருந்தும் கொடுத்துவிடுவார்கள், அதுதான் வழக்கம். ஆனால் "சீட்டு மட்டும் எழுதிக் கொடுங்கள், வெளியில் வாங்கிக்கொள்கிறேன்" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். எத்தனை முறை, என்ன இடைவெளியில் கொடுக்கலாம் என்று சீட்டில் எழுதித் தந்தால் அதே சீட்டைக் காட்டி மறுபடியும் வாங்கலாம். ஒவ்வொரு மாதமும் கன்சல்டேஷன் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. விலை கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இனி உண்மையில் கவனம் தேவைப்படும் இடம்: பெயர். ஊரில் நாம் மருந்தைக் கம்பெனிப் பெயரால்தான் அறிவோம். கிளைகோமெட், டெல்மா, ஈகோஸ்பிரின், தைரோநார்ம் என்று இங்கே கேட்டால் கடைக்காரர் முழிப்பார். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைச் சொன்னால் உடனே எடுத்துத் தருவார். மெட்ஃபார்மின், டெல்மிசார்டான், ஆஸ்பிரின், லெவோதைராக்ஸின். எழுதிக்கொள்ளுங்கள், கூடவே எத்தனை மில்லிகிராம் என்பதையும்.

நான் முதல்முறை போன ஃபார்மசியில் ஒரு தமிழ்ப் பெண்தான் ஃபார்மசிஸ்ட். நான் நீட்டிய அட்டையைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "அங்கிள், இதுல ரெண்டு மருந்து ஒண்ணா இருக்கு. மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைட் 2. எங்ககிட்ட தனித்தனியாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட அப்படியே எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். அதோடு விடாமல், "பழைய அட்டையை வீட்ல ஓரமா கட்டி வெச்சிடுங்க. ரெண்டையும் சேர்த்துப் போட்டுடாதீங்க" என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். கிளிமிபிரைடை இரண்டு பெயரில் இரண்டு தடவை விழுங்கினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வயதானவர்கள் மயங்கி விழுவது இப்படித்தான். ஊர் மாறிய முதல் மாதத்தில் எனக்கு இருந்த பெரிய பயமே இதுதான், உங்களுக்கும் இருக்க வேண்டும். இந்தியாவில் கலப்பு மாத்திரைகள் அதிகம். கிளம்பும் முன் ஒவ்வொரு அட்டையிலும் எத்தனை மருந்து இருக்கிறது என்று உங்கள் டாக்டரையே பிரித்து எழுதச் சொல்லுங்கள். அட்டைகளைப் போட்டோவும் எடுத்து வையுங்கள். ஓரத்தில் வெட்டிய அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும், முழு அட்டையாகவே கொண்டுவாருங்கள்.

அளவும் மாறும். ஊரில் ஆஸ்பிரின் 75 போட்டிருந்தேன், இங்கே 100தான் எழுதினார்கள். மனைவிக்கு ஊரில் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் ஒன்றே ஒன்று. இங்கே 50 மாத்திரை ஒன்றும், இன்னொன்றில் பாதியும் என்று டாக்டர் பிரித்துக் கொடுத்தார். தைராய்டு மருந்தில் கம்பெனி மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும், உங்கள் மனைவிக்கு இதை மறக்காதீர்கள்.

பரிசோதனை என்றதும் இன்னொன்று. இங்கே சர்க்கரையை மில்லிமோல் கணக்கில்தான் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் 7.2 என்று பார்த்துவிட்டு நம்மவர்கள் திகைத்துப் போவதுண்டு. 18ஆல் பெருக்குங்கள், நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 130. கொழுப்பு, கிரியேட்டினின் எண்களும் இப்படியே வேறு அலகில் வரும். பழைய ரிப்போர்ட்டோடு நேராக ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

கடைக்குப் போகும் நேரத்தையும் சொல்கிறேன். வாட்சன்ஸ், கார்டியன் போன்ற கடைகள் ராத்திரி வரை திறந்திருக்கும், ஆனால் ஃபார்மசிஸ்ட் இல்லாத நேரத்தில் பி, சி பிரிவு மருந்துகளை விற்க மாட்டார்கள். கவுண்டரில் ஆள் இருக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டுக்கு ஜார்ஜ் டவுனில் கடைகளும் கிளினிக்குகளும் சில நாட்கள் மூடியிருக்கும். அதற்கு முந்தைய வாரமே வாங்கிவிடுவது எங்கள் வழக்கம்.

வாங்கும் பெட்டியில் 'மால்' (MAL) எண் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு பதிவு எண் அது, கூடவே ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் பதிவு தேவை, அந்த எண் ஆங்கில 'T' எழுத்தில் முடியும். ஷாப்பி, லசாடா போன்ற ஆன்லைன் கடைகளில் யாராவது சர்க்கரை மாத்திரை விற்றால் தொடாதீர்கள்.

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலாம், கோடீன் கலந்த இருமல் மருந்து இவையெல்லாம் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. இப்படி ஏதாவது எடுப்பவர் என்றால் டாக்டர் கடிதத்தோடு, கடையில் கொடுத்த அட்டையிலேயே, குறைந்த அளவில் கொண்டுவாருங்கள். வேறொருவருக்காக ஒரு மாத்திரைகூட வாங்கிக்கொண்டு வராதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும்.

செலவு விஷயத்தில் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இந்திய விலைக்கு இங்கே கிடைக்காது. மூலக் கம்பெனி மாத்திரைக்கும், அதே மருந்தை வேறு கம்பெனி செய்யும் ஜெனரிக்குக்கும் விலை வித்தியாசம் பெரிது. ஜெனரிக் கேட்டு வாங்குங்கள், பதிவு பெற்றவை நல்ல மருந்துகள்தான். ஈப்போவின் ஹோவிட் போன்ற உள்ளூர்த் தயாரிப்புகளும் உண்டு, இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைகளும் உண்டு. அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது குடிமக்களுக்கு, நமக்குக் கட்டணம் வேறு. நீண்ட கால விசாவுக்காக எடுக்கும் காப்பீடும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கைகொடுக்கும். மாத மாத்திரைக்கு உங்கள் பென்ஷனில் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் இன்சுலின் போடுவதாகச் சொல்லவில்லை. ஒருவேளை போட்டால், அதுவும் இங்கே உண்டு. பெங்களூர் பயோகான் ஜொகூரிலேயே தொழிற்சாலை வைத்து இன்சுலின் தயாரிக்கிறது. விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கறைப் பெட்டியில் உறைந்துபோகலாம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். திறந்ததை 30 டிகிரிக்கு மேல் விடக்கூடாது. பினாங்கு மதிய வெயில் அதைத் தாண்டும், நிறுத்திய காரில் மறந்து வைத்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கிளம்பும் முன் மதுரையோ சென்னையோ, உங்கள் ஊரிலேயே எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), டி.எஸ்.எச். மூன்றையும் எடுத்து, ஈ.சி.ஜி.யோடு ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இங்கே புதிய டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பட்டியலை எழுதிய பிறகு ஏதாவது மருந்தின் பெயரில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், இங்கே அது என்ன பெயரில் கிடைக்கிறது என்று எங்கள் ஃபார்மசியில் விசாரித்துச் சொல்கிறேன்.