புலிக்கு வேலைச்சுமை

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் புலி நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தி வந்தது. அன்றிலிருந்து பெண்கள் வெளியே வரவே பயப்படுகிறார்கள். நாங்களும் வேலை முடிந்ததும் ஒட்டுக்கடையில் (தெருவோரத் தேநீர்க் கடையில்) கூடி உட்கார்ந்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கும்பலாகத்தான் வீடு திரும்புகிறோம். நாளிதழ்கூட முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. உங்கள் பத்திரிகை மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை?
– தோட்டத்து வாசகன், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: புலி கிடக்கட்டும் தம்பி. வேலை முடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் ஒட்டுக்கடையில் என்ன செய்கிறீர்கள்?

நம்மூர் ஒட்டுக்கடையில் சும்மா உட்கார முடியாது. முதலில் ஒரு தே தாரிக் (டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்), ஒரு ரொட்டி சானாய் (பரோட்டா). புலிக் கதை சூடேறியதும் இன்னொரு தே தாரிக். 'என் மச்சான் நேரில் பார்த்தான்' என்று ஒருவர் ஆரம்பித்ததும் வடை வரும், சிகரெட் பெட்டி கைமாறும். அங்கே போய் பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கொசோங்" என்று கேட்டுப் பாருங்கள். நம் வீட்டில் ஏதோ துக்கம் நடந்துவிட்ட மாதிரி கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். இந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் பழைய தகராறு உண்டு. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான் என்று ஒருமுறை எழுதிவிட்டேன். அன்றுமுதல் எனக்கு மட்டும் கண்ணாடி கிளாஸ் கிடையாது, பிளாஸ்டிக் கப்தான். 2019 ஜூலையில் அரசாங்கம் சீனி போட்ட பானங்களுக்கு வரி விதித்தது. அது தொழிற்சாலையில் அடைத்து வரும் டின்னுக்கும் போத்தலுக்கும். நம்ம அண்ணன் கரண்டியால் அள்ளிப் போடும் டின் பாலுக்கு எந்த அமைச்சர் வந்து கணக்குப் பார்ப்பது?

சரி, புலிக்கு வருவோம். நீங்கள் கேட்டதால் அதன் வேலைத்திறனைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020ஆம் ஆண்டில் மருத்துவச் சான்றோடு பதிவான மரணங்களில், இருதய ரத்தக்குழாய் அடைப்பால் போனவர்கள் 18,515 பேர் என்கிறது நம் நாட்டுப் புள்ளிவிவரத் துறை. நூற்றுக்குப் பதினேழு. தீபகற்பக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகளோ, 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கின்படி 150க்கும் குறைவு. மாரடைப்போடு போட்டி போட வேண்டுமானால் ஒவ்வொரு புலியும் வருஷத்துக்கு 123 பேரைச் சாப்பிட்டாக வேண்டும். மூன்று நாளைக்கு ஓர் ஆள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, தீபாவளி கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருக்கும் நாட்டில் எந்தப் புலி இதற்கு ஒப்புக்கொள்ளும்?

ஒப்புக்கொண்டாலும் உடம்பு தாங்காது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், இந்த நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பத்தொருவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). எல்லா இனத்தாரையும்விட நாம்தான் முதலிடம். (எதிலாவது முதலிடம் வாங்கிக் கொடுங்கள் என்று தலைவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தோம், கிடைத்தது.) நம்மாட்களையே தின்று வாழும் புலி ஆறே மாதத்தில் அரசாங்கக் கிளினிக்கில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கும். மிஸ்ஸி (தாதி) அதன் கார்டைப் புரட்டிவிட்டு, "போன தடவையும் சொன்னேன், சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி" என்று எல்லோர் முன்னாலும் கத்துவார். பாவம், அழிந்துவரும் இனம்.

உங்கள் பயம் முழுக்கப் பொய் என்று சொல்லவில்லை. 2023இல் கிளந்தான் குவா மூசாங் பக்கம் புலி அடித்து ஆட்கள் இறந்தது உண்மை. விடியாத இருட்டில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் துணையோடு போக வேண்டும், கால்தடம் கண்டால் வனவிலங்குத் துறைக்குச் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் படம் எனக்கும் வந்தது. புலிக்குப் பின்னால் வரிசையாகத் தேக்கு மரம். உங்கள் செம்பனைத் தோட்டத்தில் தேக்கு நட்டது எந்த மேனேஜர் காலத்தில்?

இந்தப் புலிமோகம் இன்றைக்கு வந்ததல்ல. கப்பலேறி வந்த நம் முன்னோரைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது மலேரியாக் கொசு. கிள்ளானில் 1901 முதல் மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர் சதுப்பு நிலத்து நீரை வடித்து அதை அடக்கிக் காட்டிய பிறகும், தோட்டங்களில் அது லேசில் ஓயவில்லை. ஆனால் எந்தப் பாட்டியாவது பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொசுக் கதை சொல்லியிருக்கிறாளா? லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டுக்) கோழியைப் புலி தூக்கிப்போன கதைதான்.

பத்திரிகைக்காரர்களும் பாட்டிகள்தான். அமெரிக்காவில் கோம்ஸ், சுலோவிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு நாளிதழ்களில் வந்த சாவுச் செய்திகளை எண்ணி, 1979இல் கணக்கை வெளியிட்டார்கள். கொலையானவர்களைவிட நோயில் செத்தவர்கள் ஏறக்குறைய நூறு மடங்கு. செய்தியோ நேர்மாறு, நோய்க்கு ஒன்று என்றால் கொலைக்கு மூன்று. நம்மூர்க் கணக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 2014இல் எம்எச்370, எம்எச்17 என்ற இரண்டு மலேசிய விமானத்திலும் சேர்த்து 537 உயிர் போயிற்று. நாடே அழுதது, அழ வேண்டியதுதான். அதே ஆண்டு நம் சாலைகளில் செத்தவர்கள் 6,674 பேர், பாதிக்குமேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இவர்களுக்கு எந்தத் தொலைக்காட்சியில் நேரலை நடந்தது?

அதனால்தான் உங்கள் கேள்வியில் 'கும்பலாக' என்ற சொல் எனக்கு இடிக்கிறது. புலிக்குப் பயந்து கும்பலாகத் திரும்பும் அழகை என் அலுவலக ஐந்தடியிலிருந்து (கடை முன் நடைபாதையிலிருந்து) தினமும் பார்க்கிறேன். ஒரு மோட்டாரில் மூன்று பேர். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்குகிறது. பின்விளக்கு போன தைப்பூசத்தோடு சரி. புலி குறுக்கே வந்தால் அதுதான் அடிபட்டுச் சாகும்.

நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டது என்கிறீர்கள். அதே நாளிதழின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்துக்குப் போங்கள். பதினோரு படம் இருந்தால் ஏழு பேர் அறுபதைத் தாண்டாதவர்கள். 'திடீரென எங்களைத் தவிக்கவிட்டுச் சென்றாய்' என்று இருக்கும். எப்படிச் சென்றார் என்று மட்டும் இருக்காது. அந்த வீட்டில் போய்க் கேட்டால் தெரியும். விடியற்காலை நெஞ்சு இறுகியது, காற்றுப் பிடிப்பு என்று கோடாலித் தைலம் தேய்த்தார்கள், சோடா கொடுத்தார்கள், வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். நெஞ்சு இறுகி, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஏறி, குளிர்ந்த வியர்வை கொட்டினால் அது காற்றல்ல, மாரடைப்பாக இருக்கலாம்; அவசர எண் 999ஐ அழையுங்கள். இனிப்பு நீர் உள்ளவருக்கு வலியே இல்லாமலும் வரும். நாற்பது வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகை வாங்கும் குடும்பத்தாருக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். புலிப் படத்தை அனுப்பிய குழுவில் இதையும் ஒருவர் அனுப்பலாம், கை வலிக்காது.

சரி, நானும் ஒரு காரியம் செய்கிறேன். அடுத்த இதழ் முதல் நம் பத்திரிகையில் அஞ்சலி விளம்பரம் கொடுப்பவர்கள், இறந்தவர் எந்த நோயில் இறந்தார் என்று ஒரு வரி சேர்க்கச் சம்மதித்தால் கட்டணத்தில் இருபது வெள்ளி (ரிங்கிட்) கழிவு. மூன்றே மாதத்தில் சர்க்கரையை வேரோடு அறுக்கும் சூரணம் என்று விளம்பரம் தந்து, நான் மறுத்ததும் ஊரெல்லாம் என்னைத் தமிழின விரோதி என்று சொல்லித் திரிந்தாரே ஒருவர், அவருடைய வாடிக்கையாளர் என்றால் கழிவு நாற்பது வெள்ளி.